அப்பா ஓட்டாத கலப்பை

கிரேஸுக்குக் கோபம் வந்தால் முதலில் நக்கல் வரும். நக்கல் நின்றுபோனால்தான் பக்கத்தில் இருப்பவர்கள் பயப்பட வேண்டும். ஹைவே ஓரத்துப் போலீஸ் ஸ்டேஷன் வாசலில் அவள் ஸ்கூட்டியை நிறுத்தியபோது, நக்கல் இன்னும் கொஞ்சம் கைவசம் இருந்தது.

"பாய், அதோ நிக்கிறான் பாருங்க குற்றவாளி. ஓடிடப்போறான்னு சக்கரத்துல சங்கிலி போட்டு வெச்சிக்கிறாங்க."

பின்சீட்டிலிருந்து இறங்கிய ஷஃபியுல்லா புங்கமரத்தடியைப் பார்த்தார். அங்கே ஒரு குட்டி டிராக்டர் நின்றது. ஆட்டோவைவிடக் கொஞ்சம் நீளம், பச்சைப் பெயிண்ட், முன்னால் ஸ்கூட்டரிலிருந்து கழற்றி வைத்த ஹெட்லைட். சக்கரத்தில் நிஜமாகவே சங்கிலியும் பூட்டும் இருந்தன.

ஷஃபியுல்லா ஒரு காலத்தில் இன்சூரன்ஸ் கம்பெனிக்காக விபத்து வண்டிகளைப் பார்த்து உள்ளதை உள்ளபடி எழுதிக் கொடுத்தவர். உள்ளதை எழுதியதாலேயே அந்த வேலை நிலைக்கவில்லை. இப்போது புதுவாயல் கூட்ரோட்டில் டீக்கடை மாடியில் 'துப்பறியும் சேவை' என்று போர்டு தொங்குகிறது. கிரேஸ் அவருக்கு உதவியாளர், டிரைவர், தேவைப்பட்டால் வாய்.

ஸ்டேஷன் படிக்கட்டில் மணியம்மாள் உட்கார்ந்திருந்தாள். பல் விளக்கியதிலிருந்து அங்கேதான் இருக்கிறாள் என்று முகமே சொன்னது. அவள் புருஷன் பரசுராமன் உள்ளே பெஞ்சில், சட்டையில்லாமல், கையைத் தொடைமேல் வைத்துக்கொண்டிருந்தான். அவன்மேல் புகார், அந்த டிராக்டரைத் திருடினான் என்று. அவனே வாங்கி, அவனே பிரித்து, அவனே பூட்டிய டிராக்டரை.

"சாயங்காலம் மாஜிஸ்ட்ரேட்டுகிட்ட நிறுத்தி உள்ள தள்ளிடுவாங்களாம், பாய்," என்றாள் மணியம்மாள். அழவில்லை. அழுது தீர்ந்துபோன குரலும் இல்லை. அழ மறுக்கிற குரல்.

கிரேஸுக்கு இந்தக் கதை தெரியும். கவரைப்பேட்டையில் அவளும் மணியம்மாளும் ஒரே தெரு. பரசுராமன் ரோலிங் மில்லில் ஃபிட்டர். மில்லுக்குப் பூட்டு விழுந்ததும் ஊரில் பாதிப் பேர் செக்யூரிட்டி வேலைக்குப் போனார்கள், இவன் புதுவாயல் பழைய இரும்பு யார்டுக்குப் போனான். வெளிநாட்டிலிருந்து கன்டெய்னரில் வந்த கழிவு இரும்புக்கு நடுவில் இந்தத் தோட்டத்து டிராக்டர் குப்புறக் கிடந்தது. மறுநாள் உலைக்குப் போக வேண்டியது. அதை எடை போட்டு வாங்கி, மீன்வண்டியில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தான். தெருவே கூடிச் சிரித்தது. கிரேஸும்தான் சிரித்தாள்.

இன்ஜின் இறுகிப்போயிருந்தது. சிலிண்டரில் டீசலை ஊற்றி, வாரக்கணக்கில் ஊறவைத்து, தட்டித் தட்டி இளக்கினான். பிஸ்டன் ரிங் பம்ப்செட்டிலிருந்து வந்தது, சீட்டு ஆட்டோவிலிருந்து வந்தது. பேரிங்கை எண்ணெயில் சூடாக்கி இறக்க வேண்டும் என்று மணியம்மாளின் வடைச்சட்டியை எடுத்தான், அந்த வீட்டில் அதன்பிறகு வடை கிடையாது. மூன்று வருஷம் ஆயிற்று. ஒருநாள் அது புகையைக் கக்கிக்கொண்டு தெருவில் ஓடியபோது சிரித்த அத்தனை பேரும் பின்னாலேயே ஓடினார்கள். அதற்குப் பிறகு கொய்யாத் தோப்பு, மல்லித் தோட்டம் என்று பெரிய டிராக்டர் நுழைய முடியாத சந்துக்கெல்லாம் பரசுராமன்தான் உழவு. இரவல் கலப்பையை வைத்துத்தான் ஓட்டினான், ஆனாலும் அந்த வீட்டில் அடுப்பு எரிந்தது.

அந்த அடுப்பின்மேல்தான் குலசேகரன் கண் வைத்தார்.

இப்போது அவர் ஸ்டேஷன் வாசலில் வெள்ளைக் காரில் வந்து இறங்கினார். லேஅவுட் போட்டு விற்கிறவர். வயலை வாங்கி, கல் நட்டு, 'பாரம்பரியப் பண்ணை நகர்' என்று வளைவு கட்டியிருந்தார். வளைவுக்குக் கீழே நிறுத்த அவருக்கு ஒரு பாரம்பரியம் வேண்டும். பரசுராமன் வண்டியைப் பார்த்துவிட்டு இரண்டு தடவை ஆள் அனுப்பினார். விற்பதற்குப் பண்ணவில்லை என்று பரசுராமன் சொல்லியனுப்பினான். மூன்றாவது தடவை ஆளுக்குப் பதிலாகப் போலீஸ் வந்தது.

காருக்குப் பின்னால் ஒரு மினி லாரி வந்தது. அதில் ஒரு கலப்பை, ஒரு புல் வெட்டும் மெஷின், ஒரு சின்ன டிரெய்லர். மூன்றும் அதே பச்சை. தின்னர் நாற்றம் கேட் வரைக்கும் அடித்தது.

"இதுக்கு மேல என்ன சாட்சி வேணும், எஸ்.ஐ. சார்?" என்றார் குலசேகரன். "எங்க அப்பா உழுத டிராக்டர். அட்டாச்மென்ட் எல்லாம் என் ஷெட்ல இருக்கு. டிராக்டர் மட்டும் இவன் வீட்டு வாசல்ல இருந்துச்சு. அதுவா நடந்து போச்சா?"

"பெயிண்டு காயலியே சார்," என்றாள் கிரேஸ். "உங்கப்பா இன்னிக்குக் காலைல அடிச்சாரா?"

"தூசி படிஞ்சிருந்துச்சு. ஸ்டேஷனுக்குக் கொண்டு வரோமேன்னு பெயிண்ட் அடிச்சோம். அது குத்தமாம்மா?"

எஸ்.ஐ. கெட்டவர் இல்லை. அவசரக்காரர். பரசுராமனைப் பார்த்து, "பில் இருக்காய்யா?" என்று கேட்டார்.

"எடை போட்டு வாங்கினதுக்கு இன்னா சார் பில்லு," என்றான் பரசுராமன். அன்று அவன் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

கிரேஸுக்கு அப்போது ஒரு யோசனை வந்தது. வந்த வேகத்தில் வாயைவிட்டும் வெளியே போனது. "எஸ்.ஐ. சார், ஒரே ஒரு டெஸ்ட்டு. பரசு அண்ணன் இந்த வண்டிய பம்ப்செட்டு, ஆட்டோ, ஸ்கூட்டர்னு கண்டதையும் போட்டுப் பண்ணாரு. வேற எவன் ஊட்டு அட்டாச்மென்டும் இதுல மாட்டாது. எங்க, மாட்டச் சொல்லுங்க பாக்கலாம்."

ஷஃபியுல்லா அவளை ஒரு பார்வை பார்த்தார். தடுக்கவில்லை.

"தாராளமா மாட்டுங்க," என்று குலசேகரன் கையை விரித்தார். அவருடைய மேனேஜர் சுப்பராயனும் இரண்டு கான்ஸ்டபிள்களும் கலப்பையைத் தூக்கி டிராக்டரின் பின்பக்கம் கொண்டுவந்தார்கள். நெற்றி நிறைய விபூதி போட்டிருந்த சுப்பராயன் இரும்பைப் பிடித்த பிடியில் ஒரு பயபக்தி தெரிந்தது. ஓட்டைக்கு நேராக ஓட்டை வரவேண்டும் என்று கிரேஸே குனிந்து கலப்பையின் சட்டத்தைப் பிடித்தாள். பெயிண்டுக்குள்ளிருந்து ஏதோ கம்பி முனை விரலில் சுருக்கென்று ஏறியது.

"சனியன்," என்றாள்.

டக். இணைக்கிற இரும்புப் பின் ஓட்டைக்குள் போய் உட்கார்ந்தது. ஆட்டம் இல்லை, அசைவு இல்லை.

மணியம்மாள் கிரேஸைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் திட்டு இல்லை, அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. எஸ்.ஐ. பேனாவை எடுத்தார்.

"நீங்களே மாட்டிக் காமிச்சிட்டீங்க, ரொம்ப தேங்க்ஸ்மா," என்றார் குலசேகரன்.

கிரேஸின் நக்கல் அந்த இடத்தில் தீர்ந்தது.

ஷஃபியுல்லா மட்டும் மெதுவாக முன்னால் வந்தார். "சார், ஒரு சின்ன சந்தேகம். இந்தக் கலப்பை, மெஷின், டிரெய்லர் மூணும் எப்பவாச்சும் உங்க ஷெட்டை விட்டு வெளிய போச்சா? வாடகைக்கு, ரிப்பேருக்கு, யாருக்காவது இரவலா?"

"எங்க அப்பா காலத்துலேர்ந்து என் ஷெட்லதான் இருக்கு. இன்னைக்குத்தான் முதல் தடவையா வெளிய வருது."

"நல்ல ஞாபகம்தானே?"

"என் அப்பா சொத்து, எனக்கு ஞாபகம் இல்லாம உங்களுக்கா இருக்கும்?"

"எஸ்.ஐ. சார், அதை அப்படியே எழுதிக்குங்க," என்றார் ஷஃபியுல்லா. "ஒரு வார்த்தை விடாம."

ஸ்கூட்டி கிளம்பி ஹைவேயில் ஏறியது. கிரேஸ் ஒரு லாரிக்காரனைக் காரணமில்லாமல் திட்டினாள்.

"மாட்டும்னு எனக்குத் தெரியும்," என்றார் பின்னாலிருந்து ஷஃபியுல்லா.

கிரேஸ் வண்டியை ஓரம் கட்டிவிட்டாள். "தெரிஞ்சுகினா சும்மா நின்னீங்க? அந்தாளு முன்னாடி என்னைக் கேணச்சி ஆக்கிட்டு?"

"பரசு மாத்தினது இன்ஜின், லைட்டு, சீட்டு. பின்னாடி கொக்கி கம்பெனியோடது, அதுல கைவைக்கல. நீ சொல்லலைன்னா அந்தாளே மாட்டிக் காட்டியிருப்பான். ஆனா கலப்பை அவ்வளவு சுத்தமா உட்கார்ந்துச்சு பாத்தியா? அது ஒரே கம்பெனி, ஒரே செட். அப்ப இந்த டிராக்டர் கன்டெய்னர்ல வந்தப்போ அதோட அட்டாச்மென்ட் எங்க போச்சு?"

கிரேஸ் ஆக்சிலேட்டரைத் திருகினாள். வண்டி புதுவாயலைப் பார்த்துப் பறந்தது.

யார்டு முதலாளி நியாஸ் ஷஃபியுல்லாவின் மனைவி கமர் நிஷாவுக்குக் கூடப் பிறந்த தம்பி. பழவேற்காட்டுக் குடும்பம். கருவாட்டு வியாபாரத்தில் ஆரம்பித்து இரும்பில் வந்து நின்றவர்கள். மச்சானைப் பார்த்ததும் நாற்காலி போட்டான், டீ சொன்னான். கேள்வியைக் கேட்டதும் டீயை வேண்டாம் என்று சைகை காட்டிவிட்டான்.

"மச்சான், என்னை உட்டுடுங்க. அந்தாளு லேஅவுட்ல இடிக்கிற பில்டிங் கம்பி எல்லாம் என் யார்டுக்குத்தான் வருது."

"அப்ப அட்டாச்மென்ட் உங்கிட்டேர்ந்துதான் போச்சு."

"நான் அப்படிச் சொல்லல."

"இல்லைன்னும் சொல்லல."

"நான் எதையுமே சொல்லல மச்சான். எந்த ஸ்டேஷனுக்கும் வரமாட்டேன்."

கிரேஸ் மேஜைமேல் இரண்டு கையையும் ஊன்றினாள். "இன்னா பாய் மனுசன் நீ? உன் யார்டுல குப்புறக் கெடந்த இரும்ப நிமித்தி உயிர் குடுத்தான் ஒருத்தன். அவன் சாயங்காலம் ஜெயிலுக்குப் போறான். நீ இங்க காத்தாடிக்குக் கீழ உக்காந்துகினு ஒண்ணும் சொல்லலன்னு சொல்லிக்கினு கீற. வாயத் தொறந்தா உன் இரும்பு துருப்புடிச்சுடுமா?"

நியாஸ் தலையைக் குனிந்துகொண்டான். வெட்கம் இருந்தது, ஆனால் எழுந்திருக்கவில்லை. அந்த மாதிரி வெட்கத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று கிரேஸுக்கு இன்னும் எரிந்தது.

ஷஃபியுல்லா மொபைலை எடுத்துக்கொண்டு வெளியே போய் யாரிடமோ தாழ்ந்த குரலில் பேசினார். திரும்பி வந்தபோது அவர் பார்வை நியாஸ்மேல் இல்லை, யார்டுமேல் இருந்தது.

யார்டில் இரும்பு இரண்டு பக்கமாகப் பிரிந்து கிடந்தது. ஒரு பக்கம் மலை மாதிரி, உலைக்குப் போகிறது. இன்னொரு பக்கம் மோட்டார், துளை போடும் மெஷின் என்று யாராவது வாங்கி ரிப்பேர் செய்து ஓட்டப்போகிறவை. அங்கே யார்டில் வேலை செய்கிற செண்பகம், முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, வண்டி ஏறப்போகும் ஒரு மோட்டாரின் காலில் எதையோ கட்டிக்கொண்டிருந்தாள். ஒரு எலுமிச்சம்பழம், நாலு மிளகாய். கோத்துக் கட்டியது கயிற்றில் இல்லை, வயரில். நீலமும் வெள்ளையுமாகப் பின்னிய மெல்லிய டெலிபோன் வயர்.

"இது எதுக்கு?" என்றார் ஷஃபியுல்லா.

"உலைக்குப் போற இரும்புக்கு நெருப்பு கீது பாய், எல்லாத்தையும் எரிச்சிடும். மறுபடி வேலைக்குப் போற இரும்புக்கு யாரு கீறா?" என்றாள் செண்பகம். "எந்த ஊர்ல எவன் கைய நசுக்கின மெஷினோ. ஒரு தடவை இங்கேர்ந்து போன பிரஸ்ஸு, வாங்கினவன் வெரலையே எடுத்துடுச்சி. அதுலேர்ந்து நான் கட்டாம ஒண்ணு இந்த கேட்ட தாண்டாது."

"பழம் காஞ்சு விழுந்துடுமே?"

"பழம் உழும், மொளகா உழும். வயரு அங்கதான் இருக்கும். அத எவனும் தொட மாட்டான். தானா அறுந்து உழணும். கை வெச்சு அறுத்தா, அந்த இரும்பு அதுக்கு முன்ன வாங்கின காவு அறுத்தவன் தலையில ஏறும். இந்தப் பக்கம் லேத்து வெச்சிருக்கறவன் யாரு வேணாலும் சொல்லுவான்."

"எப்பவும் இந்த வயர்தானா?"

"இல்ல, முன்னாடி கறுப்பு ரப்பர் வயரு. அது தீந்துபோச்சு. போன மாசம் எங்கியோ டெலிபோன் ஆபீசு இடிச்சாங்கன்னு இந்த நீல வயரு லோடு வந்துச்சி. அதுலேர்ந்து இதான்."

ஷஃபியுல்லா திரும்பி கிரேஸின் கையைப் பிடித்தார். சுட்டுவிரலில் ரத்தம் உறைந்திருந்தது. உறைந்த ரத்தத்தைச் சுற்றிப் பச்சைப் பெயிண்ட்.

"எதுல குத்துச்சு?"

"கலப்பையில. ஏதோ கம்பி…" கிரேஸ் நிறுத்தினாள். மோட்டாரின் காலில் இருந்த முடிச்சைப் பார்த்தாள். முடிச்சுக்கு வெளியே துருத்திக்கொண்டிருந்த வயர் முனையைப் பார்த்தாள். "பாய்," என்றாள், மூச்சு விடாமல்.

"ஊசி அப்புறம் போட்டுக்கலாம்," என்றார் ஷஃபியுல்லா. "செண்பகம், ஸ்டேஷன் வரைக்கும் வருவியா? வந்தா உன் முதலாளி கோவிச்சுப்பான்."

செண்பகம் ஆபீஸ் ரூமைப் பார்த்தாள். "கோவிச்சுக்கினா வேற யார்டு இல்லியா? பரசு டிராக்டருக்குக் கட்டுனதும் நான்தான். நட நீ."

மூன்று பேரைச் சுமந்துகொண்டு அந்த ஸ்கூட்டி போலீஸ் ஸ்டேஷனுக்கே போனது. வாசலில் நின்ற கான்ஸ்டபிள் அதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்துவிட்டார்.

எஸ்.ஐ. ஜீப்பை எடுக்கச் சொல்லியிருந்தார். பரசுராமனுக்குச் சட்டையைக் கொடுத்து மாட்டிக்கொள்ளச் சொல்லியிருந்தார்கள். குலசேகரன் நாற்காலியில் உட்கார்ந்து இளநீர் குடித்துக்கொண்டிருந்தார். மணியம்மாள் படிக்கட்டிலிருந்து நகரவேயில்லை.

"ரெண்டே நிமிஷம், எஸ்.ஐ. சார்," என்றார் ஷஃபியுல்லா. நேராகக் கலப்பையிடம் போய், தின்னரில் நனைத்த துணியால் சட்டத்தின் ஒரு மூலையைத் துடைத்தார். பச்சை கரைந்தது. உள்ளிருந்து நீலமும் வெள்ளையுமாக வயர் வெளியே வந்தது. புல் வெட்டும் மெஷினில் துடைத்தார், அங்கேயும் அதே. டிரெய்லர் கொக்கியிலும் அதே. டிராக்டர் சீட்டைத் தூக்கிக் காட்டினார். அடியில் கறுப்பு ரப்பர் வயர், வெடித்து, வெளுத்து, ஆனால் முடிச்சு அவிழாமல்.

"வண்டியில இருக்கிற கடைசி நட்டு வரைக்கும் பிரிச்சவன் பரசு," என்றார். "இதை மட்டும் பிரிக்கல. ஏன்னு இந்த ஊர்ல எல்லாருக்கும் தெரியும்."

செண்பகம் குனிந்து பார்த்துவிட்டு இடுப்பில் கைவைத்தாள். "எல்லாம் என் முடிச்சு."

குலசேகரன் இளநீரை வைத்துவிட்டு எழுந்தார். "இதென்ன கூத்து? என் ஆளுங்க யாராவது திருஷ்டிக்குக் கட்டியிருப்பாங்க. வயர் எல்லா ஊர்லயும் விக்குது."

"நியாயம்தான்," என்றார் ஷஃபியுல்லா. ஸ்டேஷன் டூல் பாக்ஸிலிருந்து ஒரு கட்டிங் பிளேயரை எடுத்து அவரிடம் நீட்டினார். "உங்க அப்பா உழுத கலப்பை. உங்க ஷெட்டைத் தாண்டாத கலப்பை. அதுல என்ன காத்துக் கறுப்பு இருக்கப்போகுது? அறுத்துப் போடுங்க சார். நாங்க போயிடறோம்."

குலசேகரன் பிளேயரை வாங்கிக்கொண்டார். எல்லோரும் அவர் கையைப் பார்த்தார்கள். ஒரு வயர்தான். வலிக்காது, ஷாக் அடிக்காது. அவர் கலப்பைப் பக்கம் போனார், குனிந்தார், பிளேயரின் வாயை வயருக்குக் குறுக்கே வைத்தார். கை அங்கேயே நின்றது.

"இன்னா சார், ஞாபகம் வருதா?" என்றாள் கிரேஸ். இதில் நக்கல் இல்லை.

குலசேகரனின் முகம் சிவந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு பிளேயரை அழுத்தப் போனார். அந்த நேரத்தில் மேனேஜர் சுப்பராயன் பாய்ந்து வந்து அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"வேணாம் சார். அறுக்காதீங்க சார். யார்டுல கட்டினது சார் அது. நான்தானே லோடு ஏத்திக்கினு வந்தேன், அந்தம்மா ஏத்தும்போதே சொல்லிச்சி. அதனாலதான் பெயிண்டர்கிட்டகூட அதும்மேலியே அடிடான்னு சொன்னேன். உங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் இன்னா சார் பண்ணுவேன்?"

முதலாளியின் உயிரைக் காப்பாற்றிவிட்ட நிம்மதி அவர் முகத்தில் இருந்தது. தான் என்ன சொன்னோம் என்பது மற்றவர்களின் முகங்களைப் பார்த்த பிறகுதான் அவருக்கே புரிந்தது. கையை மெதுவாக எடுத்தார்.

எஸ்.ஐ. உள்ளேயிருந்து, முன்னால் எழுதிவைத்த காகிதத்தை எடுத்து வந்து, "எங்க அப்பா காலத்துலேர்ந்து என் ஷெட்லதான் இருக்கு, இன்னைக்குத்தான் முதல் தடவையா வெளிய வருது," என்று சத்தமாகப் படித்தார். "இது நீங்க சொன்னதுதானே சார்?"

குலசேகரன் பதில் சொல்வதற்குள் கேட்டுக்குள் ஒரு பைக் வந்தது. நியாஸ். ஹெல்மெட்டைக் கழற்றாமலேயே நின்றான்.

"போன மாசம் மூணையும் நான்தான் இவருக்கு வித்தேன். டிராக்டரோட ஒரே கன்டெய்னர்ல வந்த செட்டு. அப்ப டிராக்டருக்கு மேல வாங்க பரசுவால முடியல, அதனால இது என் யார்டுலயே கெடந்துச்சு. டிராக்டர் யாருகிட்ட போச்சுன்னு இவரு கேட்டாரு, நான் சொன்னேன்." ஷஃபியுல்லாவைப் பார்த்தான். "அக்கா போன் பண்ணிச்சு, மச்சான். வந்து சொல்லலன்னா இனிமே உங்க ஊட்டுப் படி ஏற வேணாம்னு சொல்லிடுச்சு."

ஷஃபியுல்லா மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். யார்டு வாசலில் அவர் பேசியது யாரிடம் என்று கிரேஸுக்கு இப்போதுதான் விளங்கியது.

குலசேகரன் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். இந்த மாதிரி ஆட்களுக்குத் தோற்பது எப்படி என்றும் தெரியும். "சரி, என் ஆளுங்க ஏதோ தப்பா சொல்லிட்டாங்க. எனக்கு இந்த டிராக்டரும் வேணாம், அட்டாச்மென்டும் வேணாம். புகாரை வாபஸ் வாங்கிக்கறேன். அவனை விட்டுடுங்க சார்."

"அப்புறம் என்ன," என்றார் எஸ்.ஐ., லேசான குரலில். "பரசுராமா, நீ போகலாம். எல்லாரும் சமாதானமா போயிடுங்க."

சமாதானம் என்ற வார்த்தையைக் கேட்டதும் கிரேஸுக்கு உச்சந்தலை வரைக்கும் ஏறியது. வாயைத் திறந்தாள். அதற்குள் படிக்கட்டில் இருந்தவள் எழுந்துவிட்டாள்.

மணியம்மாள் நேராகக் கலப்பையிடம் வந்தாள். குலசேகரன் கையிலிருந்த பிளேயரைக் கேட்காமலேயே பிடுங்கினாள். செண்பகம் "ஏய், தொடாத" என்று பதறினாள்.

"எம்புருசன சட்டைய உருவி உக்கார வெச்சிட்டாங்க," என்றாள் மணியம்மாள். "இதுக்கு மேல இன்னா காத்துக் கறுப்பு வந்து என்னப் புடிக்கப்போவுது?"

பிளேயரை வயரிடம் கொண்டுபோனாள். ஷஃபியுல்லா தணிந்த குரலில், "வேணாம்மா. அது சாட்சி," என்றார்.

அவள் நின்றாள். வயரைப் பார்த்தாள், பிறகு பிளேயரைப் பார்த்தாள், பிறகு எஸ்.ஐ.யைப் பார்த்தாள். "அவரு கேசு அவரு வாபஸ் வாங்கிக்கினாரு. என் கேச யாரு எழுதுவாங்க?"

எஸ்.ஐ. தொப்பியைக் கழற்றி மறுபடி வைத்துக்கொண்டார்.

"பொய்ப் புகாரு குடுத்து ஒருத்தன உள்ள வெச்சா அதுக்குப் பேரு இன்னாவோ, அத எழுதுங்க. நான் கைநாட்டு இல்ல, கையெழுத்தே போடுவேன். அதுவரைக்கும் எம்புருசன் உக்காந்திருந்த அதே பெஞ்சில அந்தாள உக்கார வைங்க."

உள்ளேயிருந்து பரசுராமன் வெளியே வந்தான். பட்டனை மாற்றிப் போட்டிருந்தான். யாரையும் பார்க்கவில்லை. மரத்தடிக்குப் போய், இத்தனை வருஷமாக அவன் ஆசைப்பட்டு வாங்க முடியாமல் விட்ட கலப்பை தன் டிராக்டரில் மாட்டியிருப்பதைப் பார்த்தான். அந்த இரும்புப் பின்னைத் தொட்டு ஒரு தடவை ஆட்டிப் பார்த்தான். பிறகு திரும்பி வந்து மனைவி பக்கத்தில் நின்றான்.

எஸ்.ஐ. உள்ளே போனார். மேஜை டிராயரை இழுத்து, ஒரு புதுக் காகிதத்தை எடுத்தார். அதை நேராக வைத்துவிட்டு, தலையை நிமிர்த்தாமலேயே பெஞ்சைக் காட்டினார்.

"உக்காருங்க சார்."

குலசேகரன் அந்தப் பெஞ்சைப் பார்த்தார். அதற்கு முதுகு சாய இடமில்லை. சுப்பராயன் துண்டால் அதைத் துடைக்கப் போனார். "துடைக்காத," என்றாள் கிரேஸ்.

அவர் உட்கார்ந்தார். மணியம்மாள் பிளேயரைக் கொண்டுபோய் அவர் பக்கத்தில், பெஞ்சின்மேலேயே வைத்துவிட்டு, புகார் சொல்ல மேஜைக்கு எதிரில் வந்து நின்றாள்.